பிள்ளை சீக்கிரம் வயசுக்கு வருகிறாளா? தாராவி, சயான் அம்மாக்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

என் மகளுக்கு 7 வயது 4 மாதம் நடந்தபோது, குளிப்பாட்டும் நேரத்தில் நெஞ்சில் கை பட்டது. "வலிக்குதும்மா" என்றாள். தடவிப் பார்த்தேன். இடது பக்கக் காம்புக்கு அடியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கட்டி. அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதன் பிறகு மூன்றரை வருடம் மும்பை பரேலில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். இப்போது அவளுக்கு 15 வயது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது அக்கம்பக்கத்தில் தெரிந்ததும் கேள்விகள் வர ஆரம்பித்தன. தண்ணீர் பிடிக்கும் இடத்தில், டியூஷன் வாசலில், கணபதி பந்தலில், எல்லாமே காதோரமாக. ஒருத்தருக்குச் சொன்னதையே இன்னொருத்தருக்கும் சொல்ல வேண்டியிருந்ததால் எழுதி வைத்தேன். நான் டாக்டர் இல்லை. இதில் உள்ளவை டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை. உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் டாக்டரின் சொல்லுக்குத்தான் முதல் இடம்.

எந்த வயசுக்கு முன்னால் வந்தால் "சீக்கிரம்" என்று கணக்கு?

பெண் பிள்ளைக்கு 8 வயது முடிவதற்குள், ஆண் பிள்ளைக்கு 9 வயது முடிவதற்குள் பருவ மாற்றம் தொடங்கினால் டாக்டர்கள் அதைச் சீக்கிரம் என்கிறார்கள்.

எதைத் தொடக்கமாகக் கொள்கிறோம் என்பதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். நம் வீடுகளில் ரத்தம் பட்ட நாளைத்தான் ஆளான நாள் என்போம். உடம்பின் கணக்கில் அது கிட்டத்தட்டக் கடைசிப் படி. முதல் படி மார்பு மொட்டு. மொட்டு விட்டதிலிருந்து முதல் மாதவிலக்கு வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். 10 வயதில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஏழரை, எட்டு வயதிலேயே உடம்பு வேலையைத் தொடங்கியிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

8 வயதுக்கு மேல் மொட்டு விட்டால் வழக்கமான எல்லைக்குள்தான். ஆனால் எட்டே கால் வயதில் தொடங்கி ஆறே மாதத்தில் மார்பு நன்றாக வளர்ந்து, உயரமும் திடீரென்று கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள். 10 வயதுக்குள் மாதவிலக்கு வந்தாலும் காட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி இருக்கு. கேன்சரா அக்கா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நானும் அன்றிரவு முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்பு மொட்டு பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே முதலில் வரும். மறுபக்கம் வரச் சில மாதம் ஆகலாம். காம்புக்கு நேர் கீழே, கொஞ்சம் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற மாதிரி இருக்கும். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அபூர்வம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அதைப் பிதுக்காதீர்கள், சூடு வைத்து அமுக்காதீர்கள், "கட்டியை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மொட்டிலிருந்துதான் முழு மார்பகமும் வளர வேண்டும். அதை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பிறகு வளராது. சிவந்துபோய், சூடாக, காய்ச்சலோடு இருந்தால் அது சீழாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

குண்டான பிள்ளைகளுக்கு நெஞ்சில் சேர்வது வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டர் படுக்கவைத்து விரலால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கைக்குழந்தைக்கு மார்பு வீங்கியிருக்கு. அதுவும் இதுதானா?

இல்லை. பிறந்த குழந்தைக்குத் தாயின் ஹார்மோன் ரத்தத்தில் மிச்சம் இருப்பதால், ஆணோ பெண்ணோ, மார்பு வீங்கலாம், துளி பால்கூட வரலாம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் ஒரு துளி ரத்தமும் படலாம். தானாகவே அடங்கிவிடும். ஊரிலிருந்து வந்த ஆச்சி "பிள்ளைக்குப் பாலைப் பிதுக்கி விடணும்" என்பார். வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பிதுக்கினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும்.

இரண்டு, மூன்று வயதுக்குள் மார்பு மட்டும் லேசாக எழும்பி, உயரம் எப்போதும்போல வளர்ந்தால், அது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும் அல்லது அடங்கிவிடும். ஒரு முறை காட்டி, அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் அளந்து பார்த்தால் போதும்.

அக்குளில் முடியும் வியர்வை நாற்றமும் மட்டும் வந்திருக்கு, மார்பு வரவில்லை.

சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் பங்குக்குத் தனியாக விழித்துக்கொள்வதால் இது வரும். மூளை தொடங்கி வைக்கும் பருவ மாற்றம் வேறு, இது வேறு. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொல்லை இல்லை. ஆனால் முடி வேகமாகப் பரவுவது, முகத்தில் கட்டிப் பருக்கள், குரல் கனப்பது, உயரம் எகிறுவது எல்லாம் சேர்ந்து வந்தால் அட்ரினலில் கோளாறு உண்டா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்று ஓர் இடம். அது ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டாமல், கதவைத் தட்டுவது மாதிரி விட்டு விட்டு அனுப்பும். அந்தத் தட்டலைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டை ரத்தத்தில் விடும். அவை பெண்ணுக்குச் சினைப்பையையும் ஆணுக்கு விதையையும் எழுப்பும். கைக்குழந்தையாக இருக்கும்போதே சில மாதம் இந்தத் தட்டல் நடக்கும். அப்புறம் பல வருடம் தூங்கும். அது எழும் நேரம்தான் பருவம்.

எழுப்புகிற பொருள்களில் ஒன்றுக்குக் கிஸ்பெப்டின் என்று பெயர். அதற்கான மரபணுவை 1996-ல் அமெரிக்காவில் கிஸ் சாக்லேட் தயாராகும் ஹெர்ஷி ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். பருவத்தோடு அதற்கு உள்ள தொடர்பு 2003-ல்தான் தெரிந்தது. இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் என் மகள் பயம் விட்டு டாக்டரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அதனால் இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

மூளை எழுப்பி வந்தால் ஒரு வகை. மூளை தூங்கிக்கொண்டிருக்க, சினைப்பையில் கட்டி, அட்ரினல் கோளாறு, வெளியிலிருந்து உடம்பில் பட்ட ஹார்மோன் போன்றவற்றால் வந்தால் இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் பரிசோதனை இல்லாமல் யாரும் மருந்து எழுதக் கூடாது.

ஏன் இப்போது இவ்வளவு பேருக்கு? பிராய்லர் கோழியா, ஊசி போட்ட பாலா?

கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று நம்மில் பாதிப்பேர் நம்புகிறோம். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் வளர்வதற்குக் காரணம், வேகமாக வளரும் இனத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததும் தீவனமும்தான். ஆயிரக்கணக்கான கோழியைப் பிடித்துப் பிடித்து ஊசி போடுவது கட்டுப்படியும் ஆகாது. கோழிக்கு ஆன்டிபயாடிக் அதிகமாகக் கொடுப்பது நிஜமான பிரச்சினை, ஆனால் அது வேறு பிரச்சினை.

பால் கறக்கப் போடும் ஊசி ஆக்சிடோசின். அது மாட்டுக்குச் செய்கிற கொடுமை, சட்டப்படியும் தவறு. ஆனால் அது பருவ ஹார்மோன் இல்லை. பாலில் கொஞ்சம் இருந்தாலும் வயிற்றில் மற்ற புரதம்போலச் செரித்துவிடும். இந்தப் பயத்தில் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, பதிலுக்கு பிஸ்கட்டும் பாக்கெட் சிப்ஸும் கொடுக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். அதுதான் என்னை வருத்துகிறது.

நன்றாகத் தெரிந்த காரணம் உடல் எடை. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குப் போகும் செய்தி அது. எடை கூடிய பெண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் முந்தி வயசுக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்ட சிறுமிகளைப் பார்த்து 1997-ல் வெளியான ஆய்வுதான், மார்பு மொட்டு விடும் வயது கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றி உலகத்தைப் பேச வைத்தது.

கொரோனா ஊரடங்கு நாட்களில் இத்தாலி, துருக்கி டாக்டர்களும் நம் பக்கத்தில் புனே டாக்டர்களும் இப்படி வரும் பெண் பிள்ளைகள் அதிகமாகிவிட்டதாக எழுதினார்கள். விளையாட்டு நின்றது, எடை ஏறியது, தூக்கம் கெட்டது, கையில் எந்நேரமும் போன். இதில் எது எவ்வளவு காரணம் என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் அடைந்து கிடந்த நமக்கு அந்த நாட்களை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிளாஸ்டிக்கில் இருக்கும் தாலேட், பிஸ்பீனால் போன்ற ரசாயனங்கள் மேல் சந்தேகம் உண்டு, முடிவான ஆதாரம் இன்னும் வரவில்லை. எப்படியும் சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தூக்குவாளியில் வாங்குவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய் கலந்த சோப்பும் கிரீமும் தொடர்ந்து பூசிய சில சிறுவர்களுக்கு மார்பு வீங்கி, நிறுத்தியதும் அடங்கியதாக 2007-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. பெரியவர்கள் பூசிக்கொள்ளும் ஹார்மோன் ஜெல், கிரீம் எதுவும் பிள்ளையின் தோலில் படக் கூடாது. இது உறுதியானது.

இன்னொன்று நம்மைப் போன்ற ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் யோசிக்க வேண்டியது. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன பெண் பிள்ளைகளைப் பற்றி 1991-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் பாதிப்பேர் 11.6 வயதுக்குள் மாதவிலக்கு ஆகியிருந்தார்கள், சிலர் அதற்கும் வெகு முன்பே. சின்ன வயதில் வாடிக் கிடந்து, பிறகு திடீரென்று நல்ல சாப்பாடு கிடைத்து உடம்பு வேகமாகத் தேறியது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைத்தார்கள்.

நான் சீக்கிரம் ஆளானேன். என் மகளும் அப்படித்தானா?

இருக்கலாம். பருவத்தின் நேரத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் டாக்டர் அப்பாவிடமும் கேட்பார்: எப்போது மீசை முளைத்தது, எப்போது குரல் உடைந்தது என்று. 2013-ல் கண்டுபிடித்த எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணு மாற்றம் அப்பா வழியாக வந்தால்தான் பிள்ளையைப் பாதிக்கும். "உன் வம்சத்துலதான் இந்தக் கோளாறு" என்று மருமகளைச் சொல்லும் மாமியார்களுக்காக இதை எழுதிவைத்தேன்.

எங்கே காட்டுவது? என்னென்ன டெஸ்ட்?

முதலில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டர். அவர் சந்தேகப்பட்டால் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர். நமக்குப் பக்கம் பரேல்தான்: வாடியா குழந்தைகள் மருத்துவமனையும் கே.இ.எம். மருத்துவமனையும் ஆச்சார்யா தோண்டே மார்க்கில் ஒரே சாலையில் இருக்கின்றன. சயானில் ஸ்லோ வண்டி ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். ஓ.பி.டி. (வெளிநோயாளிப் பிரிவு) எந்த நாள் என்று முதலில் விசாரித்துவிட்டுக் காலையிலேயே போங்கள்.

எங்கள் தெரு டாக்டர் ஒருவர் "சதை போட்டிருக்கா, சாப்பாட்டைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரை நம்பி நான்கு மாதம் வீணாக்கினேன். அந்த நான்கு மாதத்தில் அவள் 4 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். அதைக் கவனித்தது அவளுடைய அப்பா. கதவு நிலையில் அவ்வப்போது பென்சிலால் கோடு போடுவார். பருவத்துக்கு முன்னால் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள்.

அதனால் போகும்போது பழைய உயரக் கணக்கு எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். தடுப்பூசி அட்டை, பள்ளியில் எடுத்த அளவு, சுவரில் போட்ட கோட்டின் போட்டோ, எதுவானாலும் சரி. பரிசோதனைகளைவிட அதைத்தான் டாக்டர் முதலில் கேட்டார்.

பிறகு உடம்பைப் பார்ப்பார்கள். மார்பும் முடியும் ஐந்து படிகளில் எந்தப் படியில் என்று குறித்துக்கொள்வார்கள். டேனர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் வகுத்த கணக்கு அது. பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், நீங்கள் கூடவே நிற்கலாம்.

இடது கையை மணிக்கட்டோடு எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பின் வயதைப் பார்க்க. என் மகளுக்கு ஏழரை வயது, கை எலும்புக்கு 10 வயது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் கணவர் முதல்முறையாக உட்கார்ந்துவிட்டார்.

ரத்தத்தில் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன், தைராய்டு பார்ப்பார்கள். தைராய்டு மிகவும் குறைந்த சில பிள்ளைகளுக்கு மார்பு வளர்ந்து ரத்தம்கூடப் படும், ஆனால் உயரம் மட்டும் நின்றுபோயிருக்கும். தைராய்டு மாத்திரையிலேயே அது சரியாகிவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஓர் ஊசி போட்டு, சிறிது நேர இடைவெளியில் ரத்தம் எடுத்து, எல்.எச். எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பையும் சினைப்பையும் வளர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

மூளை எழுப்பியதால் வந்தது என்று உறுதியானால் தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது பற்றிப் பேசுவார்கள். ஆண் பிள்ளைகளுக்கும், 6 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கும், தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு, வலிப்பு உள்ளவர்களுக்கும் கண்டிப்பாக வேண்டும். பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மூளையில் ஒன்றும் இருக்காது, காரணமே தெரியாது.

வகுப்பிலேயே என் பிள்ளைதான் உயரம். அது நல்லதுதானே?

இப்போது உயரம். அப்புறம்? பருவ ஹார்மோன் எலும்பை வேகமாக வளர்க்கும், அதே வேகத்தில் எலும்பின் வளரும் முனையை மூடியும் விடும். மற்ற பிள்ளைகள் 12, 13 வயதில் வளரும்போது இவளுக்கு வளர்ச்சி நின்றுவிடும். மாதவிலக்கு தொடங்கிய பிறகு பெண் பிள்ளைகள் பொதுவாக இன்னும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள்.

வீட்டு உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பெண் பிள்ளைக்கு அப்பாவின் உயரத்தில் 13 சென்டிமீட்டர் கழித்து, அம்மாவின் உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். எங்களுக்கு 170, 152. கணக்கு 154.5 வந்தது. ஆண் பிள்ளைக்கு அம்மாவின் உயரத்தோடு 13 கூட்ட வேண்டும். முன்பின் சில சென்டிமீட்டர் மாறும்.

பருவத்தை நிறுத்தி வைக்கும் ஊசியை எல்லோருக்கும் போட்டே ஆக வேண்டுமா?

இல்லை. இதில் அவசரப்படுத்துபவர்களும் உண்டு, அலட்சியப்படுத்துபவர்களும் உண்டு. 6 வயதுக்குள் தொடங்கிய பிள்ளைக்கு ஊசியால் உயரத்தில் நல்ல பலன் கிடைக்கும். 6-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால், எவ்வளவு வேகமாகப் போகிறது, எலும்பு வயது எவ்வளவு முந்தியிருக்கிறது, பிள்ளையின் மனசு தாங்குமா என்று ஒவ்வொருத்தருக்கும் தனியாக யோசிக்க வேண்டும். 8-க்கு மேல் மெதுவாகப் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. சிலரை மூன்று மாதம், ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். அந்தக் காத்திருப்பும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

மருந்து லூப்ரோலைடு அல்லது டிரிப்டோரெலின். மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. விட்டு விட்டுத் தட்டினால்தான் பிட்யூட்டரிக்குக் கேட்கும் என்றேனே, இந்த மருந்து விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் பிட்யூட்டரி அதைக் காதில் வாங்காது. பருவம் அப்படியே நிற்கும். அதனால் தேதி தவறக் கூடாது. மே மாதம் ஊருக்குப் போனாலும் திருநெல்வேலியில் போட ஏற்பாடு செய்துகொண்டுதான் போவோம்.

முதல் ஊசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் படும், பயப்பட வேண்டாம். போட்ட இடத்தில் வலி, வீக்கம், தலைவலி, உடம்பில் திடீர்ச் சூடு வரலாம். சீழ்க்கட்டி எப்போதாவது வரும். எலும்பின் கனம் கொஞ்சம் குறைந்தாலும் ஊசி நின்ற பிறகு திரும்பிவிடும். கேழ்வரகு, பால், வெயிலில் விளையாட்டு, டாக்டர் சொன்னால் வைட்டமின் டி.

"நாளைக்குக் குழந்தை பிறக்குமா?" இதை என்னிடம் நேராகக் கேட்டது என் அத்தை மட்டும்தான், மற்றவர்கள் சுற்றி வளைத்தார்கள். பிறக்கும். இந்த வகை மருந்து 1980-களிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அப்படி ஊசி போட்டு வளர்ந்தவர்கள் பெற்றெடுத்திருக்கிறார்கள்.

செலவு?

ஓர் ஊசி சில ஆயிரம் ரூபாய். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். பெரிய அரசு, அறக்கட்டளை மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் பிரிவு இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, டாக்டரின் சீட்டு எடுத்துக்கொண்டு வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். பாதி வருடம் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

பையன்களுக்கும் வருமா?

பெண்களைவிடக் குறைவாகவே வரும். ஆனால் வந்தால் பின்னால் ஒரு காரணம் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் தள்ளிப் போடவே கூடாது. முதல் அடையாளம் மீசை இல்லை, விதை பெரிதாவது. ஆறு வயதானதும் பையன் தானே குளிக்கப் போய்விடுவான், அம்மாவுக்குத் தெரியாது. அப்பாக்கள் கவனிக்க வேண்டும். டாக்டர் வெவ்வேறு அளவு மணிகள் கோத்த ஒரு மாலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், 4 மில்லிலிட்டர் மணி அளவுக்கு வந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விதை சின்னதாகவே இருக்க, குறியும் முடியும் மட்டும் வளர்ந்தால் அட்ரினலைச் சந்தேகிப்பார்.

காரணமே இல்லாமல், சந்தோஷமும் இல்லாமல் பிள்ளை திடீர் திடீரென்று சிரித்தால் அதையும் சொல்லுங்கள். பையனோ பெண்ணோ, ஹைபோதாலமஸில் உள்ள ஒரு வகைக் கட்டி சிரிப்பு வடிவில் வலிப்பை உண்டாக்கும். பேய் பிடித்தது என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் அலைந்து நாள் கடத்தாதீர்கள்.

சின்னப் பிள்ளைக்கு ஜட்டியில் ரத்தம். மார்பு ஒன்றுமே வரவில்லை.

இதை வயசுக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். கிருமித் தொற்று, உள்ளே மாட்டிய ஏதாவது பொருள், அடிபட்ட காயம், சிறுநீர்ப் பாதையின் கோளாறு என்று பல காரணம் இருக்கலாம். யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்ததாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பிள்ளையை அதட்டாமல், தனியாக, மெதுவாகக் கேளுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், கட்டணம் கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம், பிள்ளையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்கிறது.

சீக்கிரம் வளர்ந்த பிள்ளையை வெளியாட்கள் பெரியவள் என்று நினைத்துப் பார்ப்பார்கள், பேசுவார்கள். அவளுக்கு அது புரியாது. நான் மகளிடம் சொன்னது இதுதான்: உன் உடம்பைப் பற்றி யார் பேசினாலும், தொட்டாலும், உடனே என்னிடம் சொல், நான் உன்னைத் திட்ட மாட்டேன்.

பிள்ளையிடம் என்ன சொல்வது? பள்ளியில்?

உண்மையைச் சொல்லுங்கள், அவள் வயதுக்குப் புரிகிற அளவில். "எல்லா அக்காக்களுக்கும் வருவது உனக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கிறது, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை." என் மகள் தான் நிறைய சாக்லேட் தின்றதால் வந்த தண்டனை என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

உயரமாக இருக்கிறாள் என்பதற்காக உயரமான பொறுப்புகளைக் கொடுக்காதீர்கள். அவள் 8 வயதுப் பிள்ளை. 8 வயதுப் பிள்ளை மாதிரிதான் அழுவாள், பொம்மை கேட்பாள், மடியில் படுப்பாள். "எருமை மாதிரி வளர்ந்திருக்கே, இன்னும் என்ன விளையாட்டு" என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் கூன் போட்டே நடந்தாள்.

வகுப்பு டீச்சரிடம் ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். பருத்தி பனியன் உள்ளே போட்டால் மொட்டு உரசி வலிப்பது குறையும். மாதவிலக்கு வர வாய்ப்பிருந்தால் பையில் ஒரு சின்னப் பவுச்: இரண்டு பேட், ஒரு ஜட்டி, ஒரு காகிதப் பை. பேடை எப்படி ஒட்டுவது என்று வீட்டில் இரண்டு முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். சின்னக் கைகளுக்கு அது சுலபமில்லை.

சடங்கு வைக்கலாமா? ஊரில் தாய்மாமன் கேட்கிறார்.

இது ஒவ்வொரு குடும்பத்தின் விஷயம். சடங்கை நான் குறை சொல்ல வரவில்லை. எனக்கு நடந்தபோது பச்சை ஓலைக் குடிசையும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அம்மாச்சியின் கையும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எனக்கு அப்போது 14 வயது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பட்டுச்சேலை கட்டி மேடையில் உட்கார வைத்து, ப்ளெக்ஸ் பேனரில் படம் போட்டு, ஊர் முழுக்கச் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. அவள் உடம்பில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. தாய்மாமன் சீரை வீட்டுக்குள் நான்கு பேர் முன்னால் செய்யலாம். இரண்டு, மூன்று வருடம் கழித்து அவள் சம்மதத்தோடும் செய்யலாம். மாமன் காத்திருப்பார். எங்கள் அண்ணன் காத்திருந்தார்.

உளுந்து, எள், நாட்டு மருந்து கொடுத்து நிறுத்த முடியுமா? அல்லது அதெல்லாம் சீக்கிரம் வரவைக்குமா?

இரண்டும் இல்லை. வழக்கமாகச் சாப்பிடும் அளவில் உளுந்து, எள், பப்பாளி, முட்டை எதுவும் பருவத்தைக் கொண்டு வருவதுமில்லை, நிறுத்துவதுமில்லை. பெயர் தெரியாத சூரணம் வேண்டாம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எடை கூடியிருந்தால் தினசரி வடா பாவையும் குளிர்பானத்தையும் குறைத்து, சாயங்காலம் சயான் கோட்டைக்குக் கீழே இருக்கும் தோட்டத்தில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். தொடங்கிவிட்ட பருவத்தை அது நிறுத்தாது, ஆனால் பிள்ளைக்கு எல்லா விதத்திலும் நல்லது. பட்டினி மட்டும் போடாதீர்கள்.

ஊசியை எப்போது நிறுத்துவார்கள்? நிறுத்தினால்?

பெரும்பாலும் 11 வயதை ஒட்டி, எலும்பு வயதையும் உயரத்தையும் பிள்ளையின் மனதையும் பார்த்து நிறுத்துவார்கள். நின்ற பிறகு தட்டல் தானாகத் திரும்பத் தொடங்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் மாதவிலக்கு வரும்.

என் மகளுக்குக் கடைசி ஊசி 11 வயதில். 12 வயது 2 மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளே பவுச்சை எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடித்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள். கதவு நிலையில் கடைசிக் கோடு 153 சென்டிமீட்டரில் இருக்கிறது. பக்கத்தில் தேதியை அவள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறாள்.